முகர்ந்து பார்க்கக் கூடாது

அந்தப் பிளேட் நாறவில்லை. அதுதான் முதலில் அவளுக்கு இடித்தது.

மனிதன் மனிதனைக் கடித்த புண்ணிலிருந்து சீழை எடுத்து, ஒரு ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டில் வைத்து வளர்த்தால், மூடியைத் தூக்கிய மாத்திரத்தில் குடலைப் புரட்ட வேண்டும். வாயில் இருக்கிற கிருமிகளைவிட அசிங்கம் பிடித்த கூட்டம் வேறு எங்கே இருக்கிறது? இருபத்தோரு வருடமாக, ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வெயில் எட்டாத இந்தப் பரிசோதனைக் கூடத்தில், அவள் திறந்து மூடிய பிளேட்டுகள் எத்தனையோ. திராட்சைப் பழம் மாதிரி மணந்தால் ஒரு கிருமி, கருகிய சாக்லேட் மாதிரி வந்தால் இன்னொன்று, எலி வளை வாடை வந்தால் வேறொன்று. கக்கூஸ் வாடைக்குப் பெயர் சொல்லவே தேவையில்லை; அது நம் எல்லோர் குடலிலும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. மெஷின் மறுநாள் மத்தியானம் யோசித்து யோசித்துச் சொல்வதை அவள் மூக்கு காலை டீக்கு முன்பே சொல்லிவிடும். அதனால் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது விதி. பெரிய டாக்டரம்மா அதைச் சிவப்பு எழுத்தில் அடித்து, பிளேட்டுகளைச் சூட்டில் வைக்கிற இன்குபேட்டர் கதவிலேயே ஒட்டியிருந்தார். எல்லோரும் படித்தார்கள், தலையாட்டினார்கள், டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் படியேறி மறைந்ததும் மூடியைத் தூக்கி மூக்கை நீட்டினார்கள். கிருமியை ஊட்டி வளர்த்து, கொழுக்க வைத்து, பிறகு அதையே மூச்சோடு உள்ளே இழுக்கிற முட்டாள்தனம் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் வரும். புத்தியுள்ள வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

ஆறாம் நம்பர் பிளேட்டில், ரத்தம் கலந்த சிவப்புக் கூழின் மேல், ஊசி முனை அளவுக்குப் பால் நிறப் புள்ளிகள் முளைத்திருந்தன. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்பு கரைந்து கண்ணாடியாகிப் போயிருந்தது. ரத்தத்தைத் தின்கிற ரகம். அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். வந்தது, குளிப்பாட்டித் துடைத்த கைக்குழந்தையின் உச்சந்தலை வாசனை. ஏதோ ஒரு குழந்தை இல்லை. அவள் மகள். ஒன்பது வருடத்துக்கு முன்பு, பிரசவ வார்டில், பெயர்கூட வைக்காத அந்த முதல் வாரத்தில், மார்போடு அணைத்து அவள் முகர்ந்து முகர்ந்து தீராத அதே தலை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூடியை வைத்தாள். திரும்பவும் எடுத்தாள். மூன்று தடவை.

"சோடா, இங்க வா. இதைக் கொஞ்சம் மோந்து பாரு."

சோடா அவளோடு வேலை செய்கிறவன். சோடா பாட்டில் அடி மாதிரி தடித்த கண்ணாடி போட்டவன், முப்பது வயதாகியும் அம்மா கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டு டப்பாவோடு வருகிறவன்.

"காலங்காத்தால ஏங்க்கா? இன்னும் டீகூட உள்ள போகல."

"சத்தியமா நாறாதுடா. வா."

குனிந்தான். முகர்ந்தான். முகத்தில் இருந்த கேலி மெதுவாக இறங்கிப் போனது. "எங்கம்மா மடியில படுத்தா ஒரு வாசனை வரும்க்கா," என்றான். "சின்ன வயசுல காய்ச்சல் வந்தப்போ..." சொல்லி முடிக்காமல் இன்னொரு தடவை முகர்ந்தான்.

"உனக்கு அம்மா, எனக்குப் பொண்ணு. என்ன கிருமிடா இது?"

சோடா சீட்டை எடுத்துப் படித்தான். பஸ் கண்டக்டர், வயது நாற்பது, முன்கையில் பல் பதிந்த காயம். கடித்தது சொந்த மச்சான். "வீட்டுக்கு வந்த மச்சான் கடிச்சு வெச்சிருக்கான். போட்ட சாப்பாடு பத்தல போல," என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அன்று திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை மூக்கு ஒழுகியது. ஜலதோஷம் என்று நினைத்தாள். மகளுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று அவளை ஹாலில் படுக்கச் சொல்லி, தண்ணீர் பாட்டில், துண்டு, டம்ளர் எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து வைத்தாள். பகல் முழுக்கக் கிருமியோடு பிழைப்பு நடத்துகிறவள் வீட்டுக்கு வந்தால் இதிலெல்லாம் படு கண்டிப்பு. புருஷன், லிஃப்ட் மெக்கானிக், அவளைப் பார்த்து, "ஆஸ்பத்திரியை வீட்டுக்கே கொண்டாந்துட்டா," என்று மகளிடம் கண்ணடித்தான்.

அன்று சாயங்காலம்தான் எலி செத்த வாடை வந்தது.

முதலில் லேசாக, செருப்பு வைக்கிற மூலையில். பிறகு ஹாலில், புத்தக அலமாரிக்குப் பின்னால், தொண்டையில் பசை மாதிரி ஒட்டிக்கொள்கிற, இனிப்பும் அழுகலும் கலந்த வாடை. அவள் அலமாரியை இழுத்தாள். மகள் டார்ச் அடித்துக்கொண்டு கூடவே குனிந்து பார்த்தாள். தூசி, ஒரு பென்சில், காணாமல் போன ஒற்றைக் காலுறை, எலி இல்லை. சலித்துப்போய்ச் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனால், அங்கே வாடை இல்லை. அப்பாடா என்று டம்ளரை வாயருகில் கொண்டுபோகும்போது, மகள் டார்ச்சை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தாள், வாடையும் வந்தது. சிங்கின் கீழே தேடினாள், குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். மகள் படுக்கையறைக்கு ஓடினாள். சமையலறை சுத்தமாக மணந்தது.

அவள் அதை யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

"உன் மூக்குக்கு ஒரு நாள் லீவு குடு," என்றான் புருஷன். "எனக்கு ஒரு நாத்தமும் தெரியல."

மறுநாள் காலையில் எழுந்தபோது அவளுக்குத் தாடை வலித்தது. "ராத்திரி பூரா பல்லை நறநறன்னு கடிச்சே," என்றான் அவன். "கனவுல யாரைக் கடிச்சுத் துப்பினே? எங்கம்மாவையா?" அவளுக்குக் கனவு எதுவும் நினைவில்லை. ஆனால் பல் வரிசையின் ஓரத்தில் ஒரு தினவு இருந்தது, முளைக்கிற பல் குழந்தைக்கு ஊறுமே, அப்படி.

புதன்கிழமை பஸ் முழுக்க நாறியது. கம்பியைப் பிடித்து நின்றவன், பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண், டிரைவர், ஒருவர் பாக்கியில்லாமல், வெயிலில் மூன்று நாள் கிடந்த இறைச்சி மாதிரி. அவளுக்கு வாந்தி வரவில்லை. கோபம் வந்தது. இப்படி ஒரு நாற்றத்தை உடம்பில் சுமந்துகொண்டு எந்த வெட்கமும் இல்லாமல் உட்கார்ந்து போன் பார்க்கிறார்களே என்று மண்டைக்குள் சுரீரென்று ஒரு கோபம். கல்லூரிப் பெண்ணின் காது மடல் அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சின்னதாக ஒரு தோடு. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கி, வியர்க்க வியர்க்க நடந்தாள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் உயிர் வந்தது. சோடா மட்டும்தான் இருந்தான். சோடா மணந்தான். கைக்குழந்தையின் உச்சந்தலை.

அவனும் அவளை நிமிர்ந்து பார்த்து, மூக்கு விடைக்க ஆழமாக மூச்சிழுத்து, கண்ணை மூடினான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்தோரு வருடத்தில் யாரோடும் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. அந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது.

ஏனென்றால் அவளுக்குப் பாடம் தெரியும். வியர்வைக்கு என்று ஒரு வாசனையும் கிடையாது. தோலில் குடியிருந்து அதைத் தின்கிற கிருமிக்குத்தான் வாசனை. ஒரு ஆளின் வாசனை என்று நாம் நினைப்பது அவன் மேல் வாழ்கிற கூட்டத்தின் வாசனை. சோடாவின் மேல் இப்போது வேறு கூட்டம் குடியேறிவிட்டது. அவள் மேலும்தான். அது தன் ஆளைத் தனக்கு மணக்க வைக்கிறது. தன்னுடையது அல்லாததையெல்லாம் நாற வைக்கிறது.

"சோடா," என்றாள், "உங்கம்மா இன்னைக்கு எப்படி மணந்தாங்க?"

"ராத்திரி நான் மொட்டை மாடியில படுத்துட்டேன்க்கா," என்றான். "அம்மா மேல வராம, கதவை வெளிப்பக்கம் பூட்டிட்டு."

பதினோரு மணிக்கு மாதிரிகள் வாங்குகிற ஜன்னலில் வார்டு ஊழியர் ஒருவர் வந்து நின்றார். நாறினார். முகம் வெளுத்திருந்தது. "கேட்டீங்களா? அந்த கண்டக்டர், கையில கடி வாங்கினவன், வந்ததிலிருந்து மயக்க ஊசியிலயே கிடந்தவன், இன்னைக்குக் கண்ணு முழிச்சதும் பக்கத்து பெட் பெரியவரை குளுக்கோஸ் ஸ்டாண்டாலயே அடிச்சு..." கையால் தன் மண்டையைத் தொட்டுக் காட்டினார். "நாறுறான் நாறுறான்னு கத்திக்கிட்டே அடிச்சானாம். பிடிக்கப் போன நர்ஸோட கன்னத்தைக் கடிச்சுப் பிச்சுட்டான். கால் மணி நேரம் கழிச்சுப் பார்த்தா, அந்த நர்ஸ் அவன் பக்கத்துலயே உக்காந்து அவன் தலையைத் தடவிக் குடுத்துக்கிட்டு இருக்குது. இதெல்லாம் என்ன கூத்து?"

சோடா ஜன்னலை அறைந்து சாத்தினான். விரல் சிக்கிய ஊழியர் வெளியே அலறினார். சோடா ஜன்னல் கதவில் நெற்றியை வைத்து நின்றான். முதுகு ஏறி இறங்கியது.

"போயிட்டாரா?" என்றான்.

"போயிட்டாரு. நீ உக்காரு. நாம ரெண்டு பேரும் இந்தக் கதவைப் பூட்டிட்டு, போன்ல சொல்லிடலாம். நம்மளைத் தனியா வைக்கச் சொல்லலாம்."

நல்ல யோசனைதான். அவள் போனை எடுக்கவும் பெரிய டாக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது.

அந்த நாற்றம். சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி அறை முழுக்க நிறைந்தது. டாக்டரம்மா மூச்சு வாங்கினார். படியில் ஓடி வந்திருக்கிறார். "ஆறாம் நம்பர் எங்கே? மூடியைத் திறந்தீங்களா?" இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "வாயைத் திறந்து சொல்லுங்க! யாராவது முகர்ந்து பார்த்தீங்களா?"

சோடா கண்ணாடியைக் கழற்றினான். மடித்தான். மேசையில் வைத்தான். 

பிறகு பாய்ந்தான்.

டாக்டரம்மாவின் பின்மண்டை மேசை விளிம்பில் மோதிய சத்தம் கேட்டது. பிளேட் அடுக்கு சரிந்து தரையெல்லாம் சிவப்புக் கூழ். அவர் கைகளை வீசினார், அவன் முகத்தைக் கீறினார், "பிடிங்க, மூக்கக்கா, இவனைப் பிடிங்க!" என்று கத்தினார். அத்தனை வருடத்தில் அவர் அவளை அந்தப் பெயரில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஓடினாள். பிடிக்கத்தான் ஓடினாள். குனிந்து பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். சோடாவின் பற்கள் டாக்டரம்மாவின் கன்னத்தில் இறங்கி, நிற்காமல், ஈரத் துணி கிழிகிற சத்தத்தோடு திரும்பி வரும்போதுதான் அவள் கீழே பார்த்தாள்.

அவள் பிடித்திருந்தது சோடாவை இல்லை. டாக்டரம்மாவின் இரண்டு மணிக்கட்டுகளை.

கையை விட்டாள். பின்னால் நகர்ந்து சுவரில் முட்டி நின்றாள். நகங்களுக்குள் ரத்தம். வாயில் எச்சில் ஊறி வழிந்தது. புறங்கையால் துடைக்கத் துடைக்க வந்தது. ஓடிப்போய் யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது, கால் நகரவில்லை. தொழில் பழக்கம் விடுமா? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து.

பதினொன்று இருபத்திரண்டுக்கு அறையில் நாற்றம் குறைய ஆரம்பித்தது. மூக்கு வழியாக அவளுக்குள் போக இரண்டு நாள் பிடித்தது. ரத்தத்தில் நேராகப் போனால் பன்னிரண்டு நிமிஷம்.

டாக்டரம்மா எழுந்து உட்கார்ந்தார். வலது கன்னம் இருந்த இடத்தில் கடைவாய்ப் பற்கள் தெரிந்தன. மூச்சிழுத்தார், சோடாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பெற்ற பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி முகம் கனிந்தது. "மேல வார்டுல எல்லாரும் நாறுறாங்க," என்றார். காற்று கன்னத்து ஓட்டை வழியாகப் போனதால் பேச்சு குழறியது. "வாங்க. ஒவ்வொருத்தரா பார்க்கலாம்."

அவர்கள் கைகோத்துக்கொண்டு படியேறினார்கள். அவள் பின்வாசல் வழியாக ஓடினாள்.

ஓடும்போது மனசில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: மகள். தன் மூச்சிலிருந்து, தன் கையிலிருந்து அது மகளுக்குப் போயிருக்குமா? அதைக் கண்டுபிடிக்க இந்த உலகத்தில் அவளிடம் இருந்த ஒரே கருவி அவள் மூக்கு. அறிவுள்ளவள் அந்த நேரத்தில் வீட்டுக்கு எதிர்த் திசையில் ஓடியிருப்பாள். பெற்றவளுக்கு அறிவு எங்கே வேலை செய்கிறது? மருந்துக்கடை வாசலில் கிடந்த துணியை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டு, ஆள் வந்தால் தெருவின் மறுபக்கம் போய், சுவரைப் பிடித்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, பத்து மைல் தூரத்தை நடந்தே கடந்தாள். பின்னால் எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. ஆஸ்பத்திரிப் பக்கம் போனவை எதுவும் திரும்பி வருகிற சத்தம் கேட்கவில்லை.

வீட்டுப் படிக்கட்டை அடைந்தபோது மணி நாலே கால். பள்ளி விட்டு மகள் வந்திருப்பாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் துணியை அவிழ்த்தாள். கண்ணை மூடினாள். முகர்ந்தாள்.

மூடிய கதவையும் தாண்டி வந்தது, எலி செத்த வாடை.

அவள் படியிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். நாறுகிறது. என் பிள்ளை நாறுகிறது. நல்லா இருக்கிறாள். அந்த அசிங்கம் பிடித்த கிருமி அவளைத் தொடவில்லை. ஜலதோஷம் என்று பிரித்து வைத்த டம்ளரும் துண்டும் காப்பாற்றிவிட்டன. உயிர் போய் உயிர் வந்தது.

கதவு திறந்தது. "அம்மா? ஏம்மா அழறே? ஐயையோ, கையெல்லாம் என்ன?"

மகள் ஓடி வந்தாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. அவள் அழுகை நின்றது. தாடை இறுகியது. பள்ளிச் சீருடையின் காலருக்கு மேலே மகளின் கழுத்து, மெல்லிசாக, ஒரு நரம்பு துடிதுடிக்க. கீழ் மாடியில் யாரோ பேசிக்கொண்டே படியேறி வருகிற சத்தம். மேலே போனால் மொட்டை மாடி பூட்டியிருக்கும். கீழே போனால் ஆட்கள். அவள் மகளைத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் ஓடி, பாத்ரூமுக்குள் புகுந்து, கதவைச் சாத்தினாள்.

"குட்டி, வெளியில தாழ்ப்பாள் போடு. சீக்கிரம்!"

"ஏம்மா?"

"அம்மாவுக்கு ஒட்டிக்கிற காய்ச்சல். போடுடி, தங்கம்!"

தாழ்ப்பாள் கிரீச்சிட்டு விழுந்தது. புருஷன் போன வருடம் போட்ட கனத்த இரும்புத் தாழ்ப்பாள். எதைச் செய்தாலும் லிஃப்ட்டுக்குச் செய்கிற மாதிரி செய்கிறவன். அவள் இருட்டில் கதவில் சாய்ந்தாள். "இங்க பாரு. அம்மா அழுதாலும் கத்தினாலும் திட்டினாலும், என்ன சொன்னாலும் சரி, திறக்கவே கூடாது. நான் சொல்றதையே கேக்கக் கூடாது. அப்பா வந்து உன்னை அத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு. சரியா?"

"நீ சொல்றதைக் கேக்கக் கூடாதுன்னு நீயே சொல்றே," என்று மகள் சிரித்தாள். "சரிம்மா. ப்ராமிஸ்."

போன் பையில் இருந்தது. புருஷனுக்கு அடித்தாள். எடுத்தான். அவள் மூச்சுவிடாமல் சொன்னாள்: எனக்கு ஒட்டிக்கிற நோய், பாத்ரூம்ல பூட்டிக்கிட்டேன், வந்த உடனே குட்டியைத் தூக்கிட்டு உன் அக்கா வீட்டுக்குப் போயிடு, என்கிட்ட வராதே.

"பயப்படாதே. வந்துக்கிட்டேதான் இருக்கேன். தெருமுனைக்கு வந்துட்டேன்," என்றான். குரலில் அலுப்பு. "இன்னைக்கு வேலையே ஓடல. லிஃப்ட்டுக்குள்ள ஒருத்தனோட மாட்டிக்கிட்டேன், அப்பா, என்னமா நாத்தம். அவனை... சரி, அதை விடு. எல்லாப் பயலும் குளிக்கிறதே இல்ல போல. நேத்து நீ சொன்ன எலி வாடை இருக்கே..."

போன் அவள் காதில் இருந்தபடியே இருந்தது.

காலையில் அவள் குடித்து வைத்த பாதி டீ. பத்து வருடமாக மீதியை அவன்தான் குடிப்பான். நேற்றும், இன்றும். மகளின் டம்ளரைப் பிரித்தாள், துண்டைப் பிரித்தாள். பக்கத்தில் படுக்கிறவனை மறந்துபோனாள்.

"நீ வராதே!" என்று கத்தினாள். லைன் போயிருந்தது. திரும்ப அடித்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை.

"குட்டி! கதவைத் திற! திறந்துட்டு மேல் வீட்டுக்கு ஓடு!"

வெளியே சிரிப்பு. "திறக்க மாட்டேனே! ப்ராமிஸ் பண்ணியாச்சே!"

"விளையாட்டு இல்லடி! திறக்கவே வேண்டாம், நீ ஓடு! அப்பா வந்தா உள்ள விடாதே!"

"அப்பாகிட்டதான் சாவி இருக்கேம்மா."

கதவில் தோளால் மோதினாள். மோதினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. வாளியால் அடித்தாள். பிளாஸ்டிக் உடைந்தது. நகம் பெயர்ந்தது. மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "அம்மா, பயமா இருக்கும்மா," என்றாள். "அப்படிக் கத்தாதேம்மா."

படியில் காலடி.

அவளுக்குத் தெரிந்த காலடி. கனத்த பூட்ஸ், கடைசிப் படியில் ஒரு இழுப்பு.

அதற்கு முன்னால் வந்தது வாசனை. கைக்குழந்தையின் உச்சந்தலை. அத்தனை அருமையாக மணந்தது. அவள் கதவில் முகத்தைத் தேய்த்து அழுதாள்.

சாவி திரும்பியது.

"அப்பா! அம்மாவைப் பாருங்கப்பா, அம்மா ஏதோ..."

"நீதானா?" என்றான் அவன். மெதுவாக. ஆச்சரியத்தோடு. "இந்த நாத்தம் உன்மேலயா வருது?"

"அப்பா?"

"ஓடுடி! ஓடு!" பாத்ரூமுக்குள்ளிருந்து அவள் கத்தினாள்.

நாற்காலி விழுந்தது. கண்ணாடி உடைந்தது. சின்னக் கால்கள் ஓடின. ஹாலில். சமையலறையில். மறுபடி ஹாலில். பூட்ஸ் ஓடவில்லை. நடந்தது.

தாழ்ப்பாள் அசைந்தது. வெளியிலிருந்து. சின்ன விரல்கள் அதை இழுத்தன. "அம்மா திறக்கிறேம்மா, திறக்கிறேம்மா, இறுகிக்கிச்சும்மா..."

பிறகு விரல்கள் விலகின. ஒன்றன்பின் ஒன்றாக.

அந்த அலறலை அவள் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். ஈரத் துணி கிழிகிற சத்தம். அலறல் உடைந்து, விக்கலாகி, நின்றது. கதவின் கீழ் இடுக்கு வழியாக ஒரு சிவப்புக் கோடு வந்து அவள் கால் விரலைத் தொட்டது.

போனில் மணி நாலு ஐம்பது. அவள் பார்க்கக் கூடாதென்றுதான் நினைத்தாள். பார்த்துக்கொண்டேயிருந்தாள். நாலு ஐம்பத்தைந்து. செத்துப் போயிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தாள். தன் பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்தாள். வெளியே புருஷன் தாழ்ந்த குரலில் என்னவோ சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். ஐந்து மணி. எலி செத்த வாடை மெலிந்தது. ஐந்து இரண்டுக்கு அது இல்லை.

தாழ்ப்பாள் விலகியது. இப்போது இறுகிக்கொள்ளவில்லை.

மகள் நின்றாள். இடது காது இல்லை. காலர் நனைந்து கனத்திருந்தது. அழுத கண்ணீர் கன்னத்தில் காயாமல் இருந்தது, ஆனால் அழவில்லை. "அம்மா," என்றாள், "நீ எவ்வளவு நல்லா மணக்கிறே."

அவள் மண்டியிட்டாள். வாரி எடுத்தாள். மனசின் ஒரு மூலை மட்டும் குய்யோ முறையோ என்று கத்திக்கொண்டிருந்தது, கிணற்றுக்குள் விழுந்தவள் கத்துகிற மாதிரி, தூரத்தில். உடம்பு முழுக்கச் சந்தோஷம். புருஷன் வந்து இரண்டு பேரையும் சேர்த்து அணைத்தான். மூன்று பேரும் ஹால் தரையில், உடைந்த கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு ஒற்றுமையாக அந்தக் குடும்பம் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை.

காலிங் பெல் அடித்தது.

கதவிடுக்கு வழியாக நாற்றம் வந்தது. ஒன்றில்லை, பல.

"என்னங்க ஆச்சு?" மேல் வீட்டு டீச்சரின் குரல். "குழந்தை அலறின சத்தம் கேட்டுச்சே? எல்லாரும் நல்லா இருக்கீங்களா? நாங்க எல்லாரும் வந்திருக்கோம், கதவைத் திறங்க."

ஓடிடுங்க என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். எச்சில் ஒழுகி மகளின் தலையில் விழுந்தது.

மகள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் மடியிலிருந்து எழுந்தாள்.

"நான் திறக்கிறேம்மா," என்றாள்.

அவள் காலை மடக்கி, மகளுக்கு வழி விட்டாள்.